பயோமாஸ் எரிபொருள் நிறுவனங்களில் பணம் போடலாமா? ஆலை வாசலில் தொடங்கும் கணக்கு

கேள்வி இது: விமான எரிபொருள், இரண்டாம் தலைமுறை எத்தனால் (தானியத்திலிருந்து இல்லாமல் தட்டை, வைக்கோல், சக்கை போன்றவற்றிலிருந்து எடுப்பது), மரத்தூள் உருண்டை, சாண எரிவாயு என்று பயோமாஸிலிருந்து, அதாவது மரம், பயிர்க்கழிவு, சாணம், கொழுப்பு போன்ற உயிர்ப்பொருளிலிருந்து, எரிபொருள் தயாரிக்கும் நிறுவனங்களின் பங்குகளை நீண்ட காலத்துக்கு வாங்கி வைக்கலாமா? வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது? கேட்டவர் தன் தரப்பையும் சொல்லியிருக்கிறார்: பெட்ரோலியத்துக்கு மாற்று தேவைப்படுகிறது, அரசுகளே கட்டாயமாக்குகின்றன, அதனால் இந்தத் துறை எப்படியும் வளரத்தானே செய்யும் என்று.

வளரும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் துறை வளர்வது வேறு, அதில் பங்கு வைத்திருப்பவர் பணம் பார்ப்பது வேறு. இந்தத் துறையில் அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மிக அதிகம். 2010, 2011 ஆண்டுகளில் அமெரிக்கப் பங்குச்சந்தைக்கு வந்த நான்கு நிறுவனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அமைரிஸ் 16 டாலருக்குப் பங்கை வெளியிட்டது, ஜீவோ 15 டாலருக்கு, சோலாசைம் 18 டாலருக்கு, கியோர் 15 டாலருக்கு. நான்குமே அன்றைக்குப் பத்திரிகைகள் கொண்டாடிய பெயர்கள். கியோர் 2014இல் திவால். சோலாசைம் டெராவியா என்று பெயரை மாற்றிக்கொண்டு 2017இல் திவால். அமைரிஸ் எரிபொருளை விட்டு அழகுசாதனப் பொருள் பக்கம் போய், 2023இல் திவால். மிஞ்சியது ஜீவோ மட்டும். அதன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இவர்கள் சொன்ன விஞ்ஞானம் பொய் என்று நினைக்க வேண்டாம். அமைரிஸின் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று பெட்ரோலியத்தில் இருப்பது போன்ற ஹைட்ரோகார்பன் சுரந்தது. சோலாசைமின் பாசி எண்ணெய் தந்தது. ஆய்வுக்கூடத்தில் எல்லாம் நடந்தது. இடித்தது வேறு இடத்தில். பல வருடங்களாக இந்த நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் படித்து வருகிறவன் என்ற முறையில் என் முடிவு ஒன்றுதான்: இவை தொழில்நுட்ப நிறுவனங்கள் போல விலை பேசப்படுகின்றன, உண்மையில் இவை மூலப்பொருள் வியாபாரம். ஆலைக்குள் என்ன நடக்கிறது என்பதைவிட, ஆலை வாசலுக்கு என்ன வருகிறது, என்ன விலைக்கு வருகிறது, வருடம் முழுக்க வருகிறதா என்பதுதான் உங்கள் பணத்தின் கதியைத் தீர்மானிக்கும்.

ஏன் என்று பார்ப்போம். கச்சா எண்ணெய் ஒரு கிலோவில் சுமார் 42 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. குழாயில் ஓடும், தொட்டியில் நிற்கும், கெடாது. நன்றாகக் காய்ந்த மரத்தில் கிலோவுக்கு 18, 19 மெகாஜூல்தான். அப்போதுதான் வெட்டிய மரத்தில் எடையில் பாதி தண்ணீர். அதை லாரியில் ஏற்றினால் சுமையில் பாதியாக இருக்கும் தண்ணீருக்காகவும் டீசல் எரிக்கிறோம். போதாததற்கு, காய்ந்த பயோமாஸின் எடையிலும் 40 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன். அது எரியாது, எரிபொருளாக மாற்றும்போது அதை நீக்கியாக வேண்டும், நீக்க ஆற்றலும் பணமும் செலவாகும்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ரசாயன ஆலை எவ்வளவு பெரிதோ, லிட்டருக்கு ஆகும் கட்டுமானச் செலவு அவ்வளவு குறையும். பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலைகள் அவ்வளவு பெரிதாக இருப்பதன் காரணம் அதுதான். பயோமாஸ் ஆலையைப் பெரிதாக்கினால், ஆலைக்குத் தீனி, அதாவது மூலப்பொருள், தேடி இன்னும் தூரம் போக வேண்டும், போக்குவரத்துச் செலவு ஏறும். சின்னதாகக் கட்டினால் கட்டுமானச் செலவு கொல்லும், பெரிதாகக் கட்டினால் லாரி வாடகை கொல்லும். இந்த முடிச்சை எந்த நிறுவனம் எப்படி அவிழ்த்திருக்கிறது என்று கேட்காமல் பங்கை வாங்கக் கூடாது.

ஒரு ஆலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நெவாடா என்ற ஊரில் டூபாண்ட் நிறுவனம் 2015 அக்டோபரில் ஓர் எத்தனால் ஆலையைத் திறந்தது. முதலீடு 20 கோடி டாலருக்கு மேல். ஆண்டுக்கு 3 கோடி காலன் எத்தனால், அதுவும் மக்காச்சோள மணியிலிருந்து இல்லை, அறுவடைக்குப் பிறகு வயலில் கிடக்கும் தட்டையிலிருந்து. இதற்கு ஆண்டுக்கு 3.75 லட்சம் டன் காய்ந்த தட்டை வேண்டும், சுமார் 500 விவசாயிகளிடமிருந்து, 30 மைல் சுற்றளவுக்குள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல். லாரிக்கு 20 டன் என்றால் தினமும் 50 லாரி, ஞாயிற்றுக்கிழமை உட்பட. ஆனால் தட்டை தினமும் விளைவதில்லை. அறுவடை முடிந்து பனி விழுவதற்குள் கிடைக்கும் சில வாரங்களில் அத்தனையையும் கட்டுக் கட்டி எடுத்தாக வேண்டும். கட்டு ஒன்று அரை டன் என்று வைத்தால் ஏழரை லட்சம் கட்டுகள். அவற்றை வருடம் முழுக்க மழையில் அழுகாமல், தீப்பிடிக்காமல் அடுக்கி வைக்க வேண்டும். அந்தக் கட்டுக்குள் தட்டை மட்டுமா வரும்? வயல் மண்ணும் மணலும் சேர்ந்து வரும். அது அரைக்கும் இயந்திரங்களின் பல்லைத் தின்றுவிடும். இதையெல்லாம் எந்த ஈஸ்டும் நொதியும் தீர்த்து வைக்காது.

இரண்டே வருடத்தில், 2017 இறுதியில், டூபாண்ட் அந்தத் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. கான்சாஸில் அபெங்கோவா 2014இல் திறந்த ஆலை அடுத்த ஆண்டே நின்றது. அயோவாவிலேயே பொயட், டிஎஸ்எம் என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து 2014இல் திறந்த ஆலை 2019இல் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில்தான் இப்படி என்று சொல்லவும் முடியாது. ருமேனியாவில் கிளாரியன்ட் நிறுவனம் கோதுமை வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கக் கட்டிய ஆலை, ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் வைக்கோல் கொள்ளும் அளவுடையது. அதையும் 2023 டிசம்பரில் மூட முடிவு செய்தார்கள். இவை யாரும் கையில் காசில்லாத புதுக் கம்பெனிகள் இல்லை. நூறாண்டு ரசாயனத் தொழில் அனுபவம் உள்ளவர்களும் இதில் இருந்தார்கள்.

காட்டாமணக்கை மறந்திருக்க மாட்டீர்கள். தரிசு நிலத்தில் தண்ணீரில்லாமல் வளரும், ஆடுமாடு தின்னாது, விதையில் எண்ணெய் இருக்கிறது என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். லண்டனில் 2004இல் பங்கு வெளியிட்ட டி1 ஆயில்ஸ் என்ற நிறுவனம் முழுக்க இதை நம்பித்தான் எழுந்தது. 2007இல் பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பிபியே கூட்டுச் சேர்ந்தது, 2009இல் விலகிக்கொண்டது. தரிசில் அந்தச் செடி உயிரோடிருக்கும் என்பது உண்மைதான். காய்க்க வேண்டுமென்றால் அதற்கும் நல்ல மண்ணும் தண்ணீரும் உரமும் வேண்டும். அவ்வளவும் கொடுப்பதாக இருந்தால் விவசாயி அங்கே வேறு நல்ல பயிரையே போட்டுக்கொள்வார். புதுப் பயிரை நம்பி வரும் எந்த எரிபொருள் நிறுவனத்தையும் நான் இதனால்தான் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறேன்.

அப்படியானால் எங்கேதான் கணக்கு சரியாக வருகிறது? வேறொரு தொழில் தன் வேலைக்காக ஏற்கெனவே ஓரிடத்தில் கொண்டுவந்து குவித்த கழிவு இருக்கும் இடத்தில். சர்க்கரை ஆலையில் கரும்பு சாறுக்காக வருகிறது, சக்கை அங்கேயே மிஞ்சுகிறது. கொண்டுவந்த கூலி சர்க்கரையின் கணக்கில் போய்விட்டது. காகிதக் கூழ் ஆலையில் மரம் கூழுக்காக வருகிறது, பிசின் கலந்த டால் எண்ணெய் உபரியாகக் கிடைக்கிறது. பின்லாந்தின் யுபிஎம் நிறுவனம் லாப்பீன்ராண்டாவில் 2015 முதல் அந்த எண்ணெயிலிருந்து டீசல் எடுத்துக்கொண்டிருக்கிறது. இறைச்சிக் கூடங்களின் கொழுப்பையும் உணவகங்களின் பழைய எண்ணெயையும் சேகரிப்பதையே தொழிலாகக் கொண்ட டார்லிங் இன்கிரீடியன்ட்ஸ், வலேரோ சுத்திகரிப்பு நிறுவனத்தோடு சரிபாதி கூட்டில் 2013 முதல் லூசியானாவில் டீசல் தயாரிக்கிறது. ஊர்க் குப்பை மேடுகளிலிருந்து வரும் மீத்தேனைச் சுத்தம் செய்து குழாயில் விடும் ஆர்க்கியா எனர்ஜியை, கடனையும் சேர்த்து 410 கோடி டாலர் மதிப்புக்கு பிபி 2022இல் வாங்கியது. இவற்றில் எதுவும் கேட்பவர் புருவம் உயர்த்தும் தொழில்நுட்பம் இல்லை. எல்லாவற்றிலும் தீனி வாசலில் தானாக வந்து நிற்கிறது.

அதற்காகக் கழிவு கையில் இருந்தால் போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள். பிரேசிலின் ரைசென், எண்ணெய் நிறுவனமான ஷெல்லும் பிரேசிலின் கோசானும் சேர்ந்து உருவாக்கிய பெரிய கரும்பு நிறுவனம். சக்கையிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையை உண்மையிலேயே ஓட்டிக் காட்டியது. 2021இல் 7.40 ரியாலுக்குப் பங்கு வெளியிட்டது. கடன் வாங்கி அடுத்தடுத்து ஆலைகள் கட்டியது, வட்டி விகிதம் ஏறியது, விளைச்சலும் சரியில்லை. 2025இல் பங்கு ஒரு ரியால் அளவுக்கு வந்துவிட்டது. தொழில்நுட்பமும் தீனியும் சரியாக இருந்தும் கடன் கழுத்தை நெரித்தது.

அடுத்தது, கழிவுக்கு விலை வந்துவிடும் சங்கதி. பழைய சமையல் எண்ணெயைத் தூக்கிப் போட ஒரு காலத்தில் கூலி கொடுத்தார்கள். ஆளாளுக்கு அதிலிருந்து டீசலும் விமான எரிபொருளும் எடுக்க ஆரம்பித்ததும் அது கண்டம் விட்டுக் கண்டம் கப்பலில் போகும் சரக்காகிவிட்டது. இவ்வகை ஆலைகளின் நடப்புச் செலவில் பெரும்பங்கு எண்ணெய்க்கும் கொழுப்புக்கும்தான் போகிறது. உள்ளே வருவதன் விலையையும் உங்களால் தீர்மானிக்க முடியாது, வெளியே போவதன் விலையையும் தீர்மானிக்க முடியாது. நடுவே உள்ள இடைவெளிதான் வருமானம். பின்லாந்தின் நெஸ்டே இந்தத் துறையிலேயே நன்றாக நடத்தப்படும் நிறுவனம் என்பேன். போர்வோவில் 2007இல் தொடங்கி, சிங்கப்பூர், ராட்டர்டாம் என்று ஆலைகள் கட்டி, ஆண்டுக்கணக்கில் உண்மையான லாபம் பார்த்தது. அதன் பங்கு 2021 தொடக்கத்தில் 60 யூரோவைத் தாண்டியது. 2025இல் 10 யூரோவுக்குக் கீழே வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஆலை கட்டினார்கள், அந்த இடைவெளி சுருங்கியது. ஷெல் ராட்டர்டாமில் ஆண்டுக்கு 8.2 லட்சம் டன் எடுக்கும் ஆலையைப் பாதி கட்டியிருந்த நிலையில் 2024இல் நிறுத்தி, 2025இல் கைவிட்டது. நல்ல நிறுவனத்தையும் தவறான விலைக்கு வாங்க முடியும் என்பதற்கு நெஸ்டேயைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மக்காச்சோள எத்தனாலில் இதே நாடகம் 2008இல் நடந்தது. வெராசன் என்ற நிறுவனம் அமெரிக்காவின் மிகப் பெரிய எத்தனால் உற்பத்தியாளர்களில் ஒன்று. சோளம் விலை அந்த வருடக் கோடையில் உச்சத்துக்குப் போனபோது, இன்னும் ஏறிவிடுமோ என்று பயந்து உயர்ந்த விலைக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. பிறகு சோளமும் எண்ணெயும் சேர்ந்து விழுந்தன. அக்டோபர் 31 அன்று திவால் மனு. அதன் ஏழு ஆலைகளை அடுத்த வருடம் ஏலத்தில் வலேரோ வாங்கியது, புதிதாகக் கட்ட ஆகும் செலவில் ஒரு பகுதியைக் கொடுத்து. அந்த ஆலைகள் ஓடின, லாபமும் தந்தன.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் யோசியுங்கள். இத்துறையில் பணம் பண்ணுகிறவர் பல நேரம் இரண்டாவது முதலாளி. ஜார்ஜியா மாநிலம் சோபர்டனில் ரேஞ்ச் ஃபியூல்ஸ் நிறுவனம் அரசு உதவியோடு கட்டிய ஆலை 2011இல் மூடப்பட்டது. அதை 2012இல் லான்சாடெக் வெறும் 51 லட்சம் டாலருக்கு எடுத்தது. டூபாண்டின் நெவாடா ஆலையை வெர்பியோ என்ற ஜெர்மானிய நிறுவனம் 2018இல் வாங்கி, தட்டையிலிருந்து எத்தனாலுக்குப் பதில் மீத்தேன் எடுக்கும்படி மாற்றியது. முதல் முதலாளியின் பணம் கான்கிரீட்டிலும் எஃகிலும் புதைந்து போயிருக்கும். இரண்டாமவர் அந்தச் சுமை இல்லாமல் தொடங்குகிறார். ஆனால் இரண்டாமவர் என்பதாலேயே பிழைத்துவிடுவார் என்ற உத்தரவாதமும் கிடையாது. லான்சாடெக் 2023இல் பங்குச்சந்தைக்கு வந்தபின் அதன் பங்கு மதிப்பு ஏறக்குறைய முழுவதும் கரைந்தது.

அரசுக் கட்டாயத்தைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு வருகிறேன். அமெரிக்கா 2007இல் சட்டமே போட்டது: 2022இல் செல்லுலோஸ் எரிபொருள் (தட்டை, மரம் போன்றவற்றின் நாரிலிருந்து எடுப்பது) மட்டும் 1,600 கோடி காலன் கலக்க வேண்டும். தொடக்க இலக்கு 2010க்கு 10 கோடி காலன். அந்த ஆண்டு வந்தபோது அதை 65 லட்சமாகக் குறைத்தார்கள், ஏனென்றால் கலக்கச் சரக்கே இல்லை. 2022க்கு வந்தபோது 1,600 கோடியின் இடத்தில் நிர்ணயித்தது சுமார் 63 கோடி, அதிலும் பெரும்பகுதி குப்பை மேட்டு, சாண எரிவாயு. சட்டம் தேவையை உண்டாக்கும், உற்பத்தியை உண்டாக்காது. ஐரோப்பிய ஒன்றியம் விமான எரிபொருளில் மாற்று எரிபொருள் 2025இல் 2 விழுக்காடு, 2030இல் 6 விழுக்காடு என்று விதித்திருக்கிறது. நல்ல விதி, ஆதரிக்கிறேன். ஆனால் அதை வைத்து எந்த நிறுவனத்தின் லாபத்தையும் கணக்குப் போட மாட்டேன். கலிஃபோர்னியாவில் குறைந்த கார்பன் எரிபொருள் தயாரிப்பவருக்குத் தரும், மற்ற எரிபொருள் நிறுவனங்களுக்கு விற்கக்கூடிய வரவுச் சான்று 2020இல் டன்னுக்கு 200 டாலர் வரை விற்றது. 2024இல் 60 டாலரையொட்டி வந்துவிட்டது. சட்டம் ரத்தாகவில்லை. சான்றுகள் தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டன, அவ்வளவுதான். ஆகவே ஆண்டறிக்கையில் முதலில் தேடுங்கள்: சான்று, வரிச்சலுகை வருமானத்தைக் கழித்துவிட்டால் லிட்டருக்கு என்ன மிஞ்சுகிறது? மிஞ்சுவது கழித்தல் குறியில் இருந்தால், நீங்கள் வாங்குவது எரிபொருள் நிறுவனத்தை என்பதைவிட ஒரு சட்டப்பிரிவின் ஆயுளை.

அறிக்கையின் மொழியையும் கவனமாகப் படிக்க வேண்டும். கியோர் தன் பங்கு வெளியீட்டு ஆவணத்தில், ஒரு டன் மரத்திலிருந்து தன் முறை 67 காலன் எரிபொருள் தரும், இலக்கு 92 காலன் என்று சொன்னது. மிசிசிப்பி மாநிலம் வட்டியில்லாமல் 7.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. ஆண்டுக்கு 1.3 கோடி காலன் என்று கட்டிய கொலம்பஸ் ஆலை 2013 முழுக்க ஓடித் தந்தது 10 லட்சம் காலனைக்கூட எட்டவில்லை. அந்த 67 காலன் உண்மையில் எட்டப்பட்ட அளவு இல்லை, அனுமானங்களின் மேல் கட்டியது என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2016இல் குற்றம் சாட்டியது. முதலீட்டாளருக்கு இதில் ஒரு நடைமுறைச் சோதனை இருக்கிறது. நிறுவுதிறனை, அதாவது ஆலை ஆண்டுக்கு அதிகபட்சம் தயாரிக்கக்கூடிய அளவை, பார்க்காதீர்கள், விற்றுப் பணம் வாங்கிய அளவைப் பாருங்கள். நான்கு காலாண்டு விற்பனையை நிறுவுதிறனால் வகுங்கள். வணிக அளவு ஆலை ஓடத் தொடங்கி இரண்டு வருடமாகியும் விடை பாதியைத் தொடவில்லை என்றால் நான் அந்தப் பங்கைத் தொடுவதில்லை. ஆலையே இன்னும் கட்டவில்லை, விமான நிறுவனங்களோடு ஒப்பந்தம் மட்டும் கைவசம் இருக்கிறது என்றால், அந்த ஒப்பந்தம் எரிபொருளை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் தரும் வகையா, வெறும் விருப்பக் கடிதமா என்று பாருங்கள். பெரும்பாலும் விருப்பக் கடிதமாகத்தான் இருக்கும்.

ஜீவோ பற்றிச் சொல்கிறேன் என்றேன். அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஐசோபியூட்டனால் என்ற ஒரு வகை ஆல்கஹாலில் தொடங்கி, விமான எரிபொருள், சாண எரிவாயு என்று போய், 2025இல் கரியமில வாயுவை நிலத்தடியில் சேமிக்கும் வசதியுள்ள எத்தனால் ஆலை ஒன்றை வடக்கு டகோட்டாவில் வாங்கியது. நிறுவனம் பிழைத்தது. 2011இல் பங்கு வாங்கியவர்? பணத்துக்காக மீண்டும் மீண்டும் புதுப் பங்கு வெளியிட்டார்கள், விலை விழுந்தது, விழுந்த விலையைத் தூக்கிக் காட்டப் பழைய பங்குகளைச் சேர்த்துச் சுருக்கினார்கள். 2015இல் 15க்கு 1, 2017இல் 20க்கு 1, 2018இல் மறுபடி 20க்கு 1. பெருக்கிப் பாருங்கள்: பழைய 6,000 பங்கு இன்றைய ஒரு பங்கு. 15 டாலர் வீதம் 90,000 டாலர் போட்டவர் கையில், சில டாலர்கூடப் பெறாத ஒற்றைப் பங்கு. திவாலாகாமலே முதலீடு காணாமல் போகலாம். ஐந்து வருடத்துக்கு முன் எத்தனை பங்குகள், இன்று எத்தனை என்று பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும். அதைப் பார்க்காமல் யாரும் வாங்க வேண்டாம்.

மர உருண்டை நிறுவனங்களில் எச்சரிக்கைக்கு என்விவா போதும். அப்போது உலகின் மிகப் பெரிய மர உருண்டை உற்பத்தியாளர், கையில் நீண்ட கால விற்பனை ஒப்பந்தங்கள், நல்ல பங்கு லாபத்தொகை. 2022இல் பங்கு 80 டாலருக்கு மேல். அந்த வருட இறுதியில், விலை ஏறியபடியே இருக்கும் என்று நம்பி, தன் வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்தே உருண்டைகளை வாங்கி விற்கும் ஒப்பந்தத்தில் இறங்கியது. விலை விழுந்தது. உற்பத்திச் செலவும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. 2024 மார்ச்சில் திவால். தொழிலில் சம்பாதிக்காத பணத்திலிருந்து லாபத்தொகை தரும் நிறுவனம் எந்தத் துறையிலும் ஆபத்துதான். கடன் வாங்கி ஆலை கட்டும் துறையில் ஆபத்து இரட்டிப்பு.

சரி, நான் என்ன செய்வேன்? இந்தத் துறைக்கு மொத்தப் பங்கு முதலீட்டில் 5 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்க மாட்டேன், அதிலும் எரிபொருளை மட்டுமே நம்பியிருக்கும் நிறுவனத்துக்குச் சிறு பங்குதான். மீதியை, எரிபொருள் பிரிவு நட்டமடைந்தாலும் வேறு தொழிலால் நிற்கக்கூடிய நிறுவனங்களில் வைப்பேன்: கூழ், சர்க்கரை, கழிவு சேகரிப்பு, சுத்திகரிப்பு. அங்கே தீனி அவர்கள் கையில் இருக்கிறது, நட்டத்தைத் தாங்கும் பணப்பையும் இருக்கிறது. மரத்தையோ தட்டையையோ நேரடியாகத் திரவமாக்கும் புது முறையில் எனக்கு ஆர்வம் உண்டு, படிக்கிறேன், பணம் போடுவதில்லை. முதல் வணிக ஆலை இரண்டு முழு அறுவடைகளைத் தாண்டி ஓடிய பிறகு வாங்கினால் ஆரம்ப ஏற்றம் கொஞ்சம் கைவிட்டுப் போகும். இந்தத் துறையின் கடந்த இருபது வருடத்தைப் பார்த்தால் அப்படிக் காத்திருந்ததால் இழந்தவர் சிலரே.

எப்போது விற்பது என்றும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆலை தொடங்கும் தேதி இரண்டாம் முறை தள்ளிப்போனால், மூலப்பொருளை மாற்றுகிறோம் என்று அறிவித்தால், எரிபொருளை விட்டுவிட்டு அதிக லாபம் தரும் வேறு பொருள் செய்யப் போகிறோம் என்று சொன்னால் நான் வெளியே வந்துவிடுவேன். மூன்றாவதைக் கேட்டுச் சந்தை சில நாள் மகிழ்ந்து பங்கு ஏறவும் செய்யலாம். விற்க அதுவே நல்ல நாள்.